நாலு விரல் உயரம்

அந்தக் காரின் பின்பக்கம் தாழ்ந்துபோனதற்கு நான்தான் காரணம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கும் இப்படி முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால், இதை உட்கார்ந்து எழுதுகிற வேலை எனக்கு வந்திருக்காது. தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

நான் பயந்தாங்கொள்ளி. வெளியே பார்த்தால் தெரியாது. கல்யாண வீட்டில் எந்த மூலையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அந்த மூலையில்தான் நான் இருப்பேன். சாவு வீட்டில்கூட இரண்டாம் நாள் என்னைத் தேடுவார்கள். ஆனால் யாராவது நிதானமான குரலில் "உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தால் போதும், கேள்வி என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே நான் பாத்ரூமைத் தேடுவேன். செய்யாத தப்புக்கே அப்படி. இது செய்த தப்பு.

கார் என்னுடையது இல்லை. நண்பனுடைய அத்தா வாங்கிய வெள்ளை அம்பாசிடர். அப்பாவை அவர்கள் வீட்டில் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நண்பனும் நானும் திருவையாற்றில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். அவர்களுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. எங்களுக்குத் திருக்காட்டுப்பள்ளி போகிற சாலையை ஒட்டிக் கொஞ்சம் நஞ்சை. அவனுடைய அத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைத்ததும் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விடுவார். நாலு விரலும் இடிக்காமல் போய் இடிக்காமல் வந்தால், "சரியா இருக்கு" என்று எழுந்துகொள்வார். வயலில் நிற்கிற தண்ணீரை நாங்கள் விரல் வைத்து அளப்போம். அவருக்கு வயல் கிடையாது, அதனால் காரை அளக்கிறார் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிப்பார்.

அவர் காலமான பிறகு கடை நொடித்தது. தெருவுக்கு ஒரு எஸ்டிடி பூத் முளைத்து, புதுப்புதுச் சின்னக் கார்கள் ரோட்டில் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் வளைகுடாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நண்பனும் ஏறினான். ஏறுவதற்கு முந்தின நாள் சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"வித்துடு வித்துடுங்கிறானுங்க மாப்ள. அத்தா கார். மனசு வரல. நீ வச்சுக்க. மாசம் ஒரு தடவ அம்மாவத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு. மத்த நாள்ல உன் இஷ்டம்."

"நாலு விரல்?"

"அதையும் பாத்துக்க" என்றான். இருவரும் சிரித்தோம்.

முதல் தடவை மூட்டை ஏற்றியது நிஜமாகவே ஆபத்துக்குத்தான். குறுவை அறுத்துக் களத்தில் கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊரில் இருந்த இரண்டு டிராக்டரும் வேறு யார் களத்திலோ நின்றன. நெல் கொள்முதல் நிலையம் மூன்று மைல். வாசலில் கார் வெள்ளையாக, காலியாக, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். சீட்டு இருந்த இடத்தில் நாலு, டிக்கியில் இரண்டு, ஆக ஆறு மூட்டை. கார் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. முதல் தூறல் விழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பிளசர் கார்ல வருதுடா நெல்லு!"

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. மழை இல்லாத நாளிலும் நெல் பிளசரில் போக ஆரம்பித்தது. சம்பா போனது. விதைநெல் வந்தது. யூரியா வந்தது. ஒருமுறை பேராவூரணியிலிருந்து தேங்காய் வந்தது. தேங்காய் வியாபாரம் செய்து பெரிய ஆளாகிவிடலாம் என்று எனக்கு அப்போது ஒரு எண்ணம். ஆறு எட்டானது. ஒரு நாள் ஒன்பது ஏற்றி, டிக்கி மூடாமல் கயிறு போட்டுக் கட்டினேன்.

இரண்டு வருஷத்தில் காரின் பின்பக்கம் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. மூட்டையை இறக்கினாலும் எழுந்திருக்கவில்லை. முன்பக்கம் மட்டும் நிமிர்ந்துகொண்டதால், விளக்கைப் போட்டால் தென்னை மரத்தில் எத்தனை குலை என்று எண்ணலாம். எதிரே வருகிற லாரிக்காரர்கள் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாகச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. மாதாமாதம் பின்சீட்டை மறுபடி மாட்டி, தட்டித் துடைத்து, நண்பனின் அம்மாவை அதில் உட்கார வைத்துத் தஞ்சாவூர் போவேன். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இடுப்பு வலிக்காரர், இடுப்பைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்கே போகிறார். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு அஞ்சு ஆற்றுப் பாலம். பாலத்தில் ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி. போக வர இருபது. ஷாக் அப்சார்பர் செத்துப்போன காரில் ஒரு இடி என்பது மூன்று இடி. கார் தூக்கிப் போட்டு, மறுபடி தூக்கிப் போட்டு, ஒரு வழியாக மனசு வந்தால்தான் நிற்கும். அவர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியபடி வருவார். கண்ணாடியில் எனக்குத் தெரியும்.

"ரோடு சரியில்லம்மா" என்பேன்.

"ஆமா தம்பி, ரோடு போடவே மாட்டேங்கிறானுங்க" என்பார்.

இன்னொரு நாள், "உட்கார்ந்தா முதுகெல்லாம் அரிக்குது தம்பி" என்றார். நெல்லின் சுணை. எவ்வளவு தட்டினாலும் துணியை விட்டுப் போகாது.

"வெயில் காலம்ல. வேர்க்குரும்மா. பவுடர் போட்டுக்கங்க" என்றேன். அடுத்த தடவை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இந்த நிலையில்தான் நண்பனிடமிருந்து கடிதம் வந்தது. பத்து நாளில் வருகிறானாம், ஒரு மாச லீவாம். கீழே இன்னொரு விஷயம் எழுதியிருந்தான். "எங்க கம்பெனி ஒர்க்ஷாப்புக்கு ஒரு மெக்கானிக் வேணும். ஆளை என்னையே பாக்கச் சொல்லிட்டாங்க. விசா கையில இருக்கு. வண்டியை நம்பி விட்டுட்டுப் போற மாதிரி ஒரு ஆள் உனக்குத் தெரிஞ்சா சொல்லி வை."

வண்டியை நம்பி விட்டுட்டுப் போற மாதிரி. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது பாத்ரூமில் இருந்தேன்.

வெளியே வந்ததும் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல் போனது. சுண்டு விரல். அதுவும் மாட்டிக்கொண்டது.

"என்னங்க, காருக்கு நாடி பாக்குறீங்களா?" என்றாள் மனைவி.

"காத்து கம்மியா இருக்கு."

"காத்தா கம்மி? உங்களுக்கு வேற ஒண்ணு கம்மி."

அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் பம்பை எடுத்து, பின்சக்கரம் இரண்டுக்கும் கல் மாதிரி ஆகும்வரை காற்றடித்தேன். கார் உயர்ந்தது. டயரும் சேர்ந்து உயர்ந்தது. நடுவில் இருந்த இடைவெளி அப்படியே இருந்தது. இது எனக்குப் புரிய அரைமணி நேரம் பிடித்தது. அந்த அரைமணியும் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால் தேவலை.

மறுநாள் தஞ்சாவூருக்கு ஓட்டினேன். கரந்தையைத் தாண்டி ஒரு ஒர்க்ஷாப். அந்த மேஸ்திரிக்கு என் வயதுதான் இருக்கும். குறைவாகப் பேசுகிறவர், பேசினால் குத்துகிறவர். நான் வண்டியை நிறுத்தியதும் பின்பக்கத்தில் ஒரு கையை ஊன்றி அழுத்திவிட்டு எடுத்தார். கார் மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது. அவர் பீடி பற்றவைத்தார். கார் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அழுத்தி விட்டா ஒரு தடவ எந்திரிச்சு நிக்கணும் சார். இது தொட்டில் மாதிரில்ல ஆடுது. ஷாக் அப்சார்பர்ல எண்ணெயே இருக்காது."

"வயசாயிடுச்சு மேஸ்திரி."

"வண்டிக்கா?"

டிக்கியைத் திறந்தார். ஓரத்து ரப்பர் கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. கீழே விரித்திருந்த பாயைத் தூக்கினார். பிறகு அதை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சிந்திய நெல் ஈரத்தில் முளைத்து, வெயில் படாமல் வெளுத்து, விரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றது.

"நாத்து விட்டிருக்கீங்க. நடவு எப்ப சார்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆறு மூட்டை, எட்டு மூட்டை, ஒன்பது மூட்டை, கயிறு, வேர்க்குரு. ஊரிலேயே அந்த விஷயத்தில் நான் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். இதைப் பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "ஸ்பிரிங் பட்டை எல்லாம் நேராயிடுச்சு. ஒண்ணு ஒடஞ்சே போச்சு. பிரிச்சு, அடிச்சு, வளைவு ஏத்தி, ஒடஞ்சதுக்குப் புதுசு போட்டுக் கட்டணும். ஷாக் அப்சார்பர் நாலும் புதுசு. ஒரு வாரமாவது வேணும்."

"அஞ்சு நாள்ல முடியுமா?" என்று கேட்டேன். அவர் முகம் முடியாது என்று சொல்லப் போவது தெரிந்தது. பயந்தவன் கையில் எது கிடைக்கிறதோ அதை எடுத்து வீசுவான். நான் விசாவை எடுத்து வீசினேன். "கார்க்காரன் வர்றான் மேஸ்திரி. அவன் கம்பெனிக்கு ஒரு மெக்கானிக் வேணுமாம். விசா கையில வச்சிருக்கான். இந்த வேலையப் பாத்தான்னா உங்களத்தான் கூட்டிட்டுப் போவான். நான் சொல்றேன்."

பீடியைக் கீழே போட்டார். உள்ளே போய், ஸ்பானர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே பாஸ்போர்ட்.

"எடுத்து ரெண்டு வருஷமாச்சு சார். ஒரு பக்கத்துலயும் மை படல" என்றார். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்" என்றேன். அது நிஜம்தான்.

ஐந்து நாளும் அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. நான் தினமும் போய் நின்றேன். பட்டைகளைக் கழற்றித் தரையில் வரிசையாகப் போட்டிருந்தார். துருப்பிடித்து, நேராகி, வாழைச்சருகு மாதிரிக் கிடந்தன. ஒவ்வொன்றாக வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார். அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் முதுகில் விழுந்தது. பட்டைக்குப் பட்டை கிரீஸ் தடவி அடுக்கிக் கட்டினார். அங்கேயும் நான் சும்மா இருக்கவில்லை. "எதுக்கும் கூட ஒரு பட்டை வச்சிடுங்க மேஸ்திரி" என்று நச்சரித்தேன். வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, நாலாவது முறை என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வைத்தார்.

வேலை முடிந்து காரை இறக்கினால் பின்பக்கம் வாத்து மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. ஆறு விரல் போனது.

"வேணாம்னு சொன்னேன்ல. இப்ப எடுக்குறேன்" என்றார். கூடுதல் பட்டையை எடுத்தார். அப்போதும் அஞ்சு விரல்.

"இது சரியாப் போயிடும் சார். புதுசா வளச்ச பட்டை. பாரம் வச்சு ரெண்டு நாள் விட்டா படிஞ்சு நாலுக்கு வந்துடும்." பிறகு கொஞ்சம் தயங்கினார். வாயோரம் சிரிப்பு வந்தது. "நெல்லு மூட்ட நாலு கெடைக்குமா?"

கிடைத்தது. அவருடைய யோசனைப்படியே, சாக்குக்குக் கீழே துணி விரித்து, இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்கும்படி வைத்து, வாசலில் முருங்கை மரத்து நிழலில் காரை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து மேஸ்திரி வந்து அளந்து பார்ப்பார். அதற்கு மறுநாள் நண்பன் வருவான். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைத் திட்டம்போட்டு முடித்திருந்தேன்.

மறுநாள் காலையிலேயே நண்பன் வந்துவிட்டான். இரண்டு நாள் முன்னதாக டிக்கெட் கிடைத்ததாம். அம்மாவைப் பார்த்துவிட்டு, என்னைப் பயமுறுத்தவேண்டும் என்று நேரே வந்திருக்கிறான். பயமுறுத்திவிட்டான்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சென்ட் வாசனை. பார்த்தால், கையில் ஒரு தைலப் பாட்டிலோடு அவன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறான். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பின்சீட்டு இல்லை. நாலு மூட்டை நெல், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மாப்ள, இது என்னடா?"

இரண்டு வருஷம் கள்ளத்தனமாக ஏற்றியபோது அவன் வீட்டார் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள் நியாயமாக ஏற்றியிருக்கிறேன், அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். வாய் நிறையப் பேஸ்ட் நுரை. துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"மேஸ்திரி ஏத்தினது."

அது உண்மை. அதற்கு மேலும் உண்மை இருந்தது. 'பட்டை படியறதுக்கு' என்று இன்னும் இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் பட்டையை ஏன் மாற்றினாய் என்பான். ஏன் தாழ்ந்தது என்பான். நான் நிறுத்திக்கொண்டேன்.

"எந்த மேஸ்திரி?"

"கரந்தையில. ரிப்பேருக்கு விட்டிருந்தேன்."

"ரிப்பேருக்கு விட்ட வண்டியில நெல்லு ஏத்துனானா?" அவன் குரல் மாறியது. "அம்மா முதுகு அரிக்குது முதுகு அரிக்குதுன்னு லெட்டர்ல எழுதிட்டே இருந்தாங்க. எத்தன மாசமா அவன்கிட்ட வண்டி போவுது?"

கேள்வியிலேயே அவன் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தான். நான் அதில் நுழைந்தேன்.

"அப்பப்ப."

வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து வந்த பொய்களிலேயே சிறியது அதுதான்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. சட்டைப்பைக்குள் பிளாஸ்டிக் உறையின் விளிம்பு தெரிந்தது. நண்பன் என் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தான். எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் மேஸ்திரியா? இந்த மூட்டைய நீங்களா ஏத்துனீங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அந்த மரத்தில் அப்போது பதினோரு காய் இருந்தன. இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஆமாங்க" என்றார். "நான்தான் ஏத்தச் சொன்னேன்."

"கஸ்டமர் வண்டியில?"

மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நான் பேசுவதற்கு இடம் விட்டு நின்றார் என்று இப்போது தெரிகிறது. நான் பேசவில்லை. அவர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி ஓரமாக வைத்தார். வெள்ளைச் சட்டையில் தூசி படிந்தது. பின்சீட்டை எடுத்து மாட்டினார். குந்தி, டயருக்கு மேலே கையை விட்டு எடுத்தார்.

"நாலு விரல் சார். சரியா இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறப் போனார். பாஸ்போர்ட் பைக்குள்ளேயே இருந்தது. அந்த உறையை நண்பனும் பார்த்திருந்தான்.

"இவனையா எனக்குச் சொல்லலாம்னு இருந்த?" என்றான் நண்பன். "நல்ல வேள."

அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். தூங்கினேன். மாட்டவில்லை என்கிற நிம்மதியில் நன்றாகவே தூங்கினேன். விடிந்தது. மனைவி காப்பியை வைத்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்குச் சொல்லிடுறேன்."

இந்த இரண்டு வரியை நாங்கள் தினமும் பேசினோம். அவன் பிரியாணிக்குக் கூப்பிட்டான். சாப்பாட்டு நேரத்தில் எதற்கு என்று விட்டேன். ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். குளிக்கிற நேரத்தில் எதற்கு. ஒரு நாள் தொண்டையைக் கனைத்து, "மாப்ள, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றே ஆரம்பித்துவிட்டேன். அவன் நிதானமாகத் திரும்பி "சொல்லு" என்றான். "உனக்குத் தொப்ப வச்சிடுச்சு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

இடையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கார் முதல் பாலத்தில் ஏறியது. நான் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றுமே ஆகவில்லை. ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். அஞ்சு பாலமும் அப்படியே போயின.

"ரோடு போட்டுட்டானுங்க போலருக்கே தம்பி" என்றார் அம்மா. முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளாமல் கையை மடியில் வைத்திருந்தார். ரோடு அதே ரோடுதான். குழி ஒவ்வொன்றும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

லீவு முடிந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்தில், அம்மா பின்னால். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்தேன். சரக்கு ரயில் வருகிறது என்றார்கள். இனி எனக்குச் சாப்பாடும் இல்லை, குளியலும் இல்லை, ஓடுவதற்கு வழியும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ரயிலில் பெட்டி நிறைய இருந்தது. என் கதை முடிந்தபோதும் அது முடியவில்லை.

நண்பன் முழுவதையும் கேட்டான். பிறகு சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"டேய், அத்தா ஏத்தாத மூட்டையாடா? நோம்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு வருஷா வருஷம் அரிசி இந்தக் கார்லதானடா போவும். கடைக்குக் கட்டு கட்டா ஜவுளி வரும். பட்டைய அவரு எத்தன தடவ மாத்துனாருன்னு உனக்குத் தெரியுமா? அதுனாலதான் நாலு விரல், நாலு விரல்னு குந்திக் குந்திப் பாப்பாரு. உன் இஷ்டம்னுதான உன்கிட்ட குடுத்தேன்?"

"அப்ப மேஸ்திரிய ஏன்..."

"நீ ஏத்துனா நம்ம வண்டியில நீ ஏத்துற. நம்பி விட்ட வண்டியில அவன் ஏத்துனான்னுதானடா சொன்ன?"

பின்னாலிருந்து அம்மா பேசினார். "அரிச்சது நெல்லுச் சுணைன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் பொறந்த வீட்டுல மூணு களம். ஏதோ கஷ்டம், ஏத்திட்டுப் போவட்டும்னுதான் பேசாம இருந்தேன்." என் பக்கம் குனிந்தார். "நெல்ல விடு. அந்த மனுசன் உனக்கு என்ன செஞ்சாரு?"

ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கியர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"விசா?" என்று கேட்டேன்.

"முந்தாநாள்தான் வேற ஒருத்தன் பேருக்குப் பேப்பர் அனுப்புனேன். மூணு நாள் முன்னாடி வாயத் தொறந்திருந்தா..." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்து ஒரு ஆள் தேவைப்பட்டால் பார்க்கிறேன் என்றான். தேவைப்படவில்லை.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே கரந்தைக்குப் போனேன். மேஸ்திரி ஒரு புதுச் சின்னக் காருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. நான் சொன்ன பொய், விசா போனது, எல்லாவற்றையும் காலிடம் சொன்னேன். உள்ளே ஸ்பானர் திருகுகிற சத்தம் நிற்கவில்லை.

"தெரியும் சார்" என்றது குரல். "நீங்க அன்னிக்கு முருங்கை மரத்தப் பாத்தீங்கள்ல, அப்பவே தெரியும்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே மேஸ்திரி."

இதைக் கேட்டேன். வெட்கமில்லாமல் இதையும் கேட்டேன். சத்தம் நின்றது. அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொல்றது? உங்க கூட்டாளி நெல்லு ஏத்துனாருன்னா? அவருகிட்ட நான் வேலை கேட்டு வந்த ஆளு சார்."

பிறகு நான் கொண்டுவந்த அம்பாசிடரின் பின்பக்கத்துக்குப் போய் ஒரு கையை ஊன்றி அழுத்திவிட்டார். கார் ஒருமுறை எழுந்து, நின்றது. அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. "அடுத்த மாசம் கொண்டாங்க. போல்ட்டெல்லாம் ஒரு தடவ இறுக்கணும்" என்று மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கவில்லை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை அவரிடம் கொண்டுபோகிறேன். மரியாதையாகத்தான் நடத்துகிறார். டீ வாங்கித் தருகிறார். என் ஜோக்குக்குச் சிரிக்கிறார். வேலையைத் தொடங்குமுன் மட்டும் ஒன்று கேட்பார்.

"டிக்கியில ஏதாச்சும் இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

தலையாட்டுவார். அப்புறம் திறந்து, பாயைத் தூக்கிப் பார்ப்பார். நானும் பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்ப்பேன். எனக்கும் நிச்சயமில்லை.